உல்சானா, தேசிய அணியா? ஹாங் மியுங்-போவும் 2024 ஜூலையில் இருந்த வழிகளும்

2024 ஜூலை 5. சுவோன் நகரில் லீக் ஆட்டத்தை முடித்துக்கொண்டு உல்சான் அணியின் பயிற்சியாளர் ஹாங் மியுங்-போ திரும்பி வந்தபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது; உல்சான் தென் கொரிய லீக்கில் ஆடும் கிளப். அவருக்காகக் காத்திருந்தவர் கொரியக் கால்பந்துச் சங்கத்தின் தொழில்நுட்பப் பிரிவை நடத்திக்கொண்டிருந்த லீ லிம்-சேங். தேசிய அணியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். சங்கம் ஆள் தேடும் முறையைச் சில நாள்களுக்கு முன்புதான் ஹாங் வெளிப்படையாகக் குறை சொல்லியிருந்தார். உல்சான் ரசிகர்கள் கவலைப்பட வேண்டாம் என்றும் கூறியிருந்தார். ஜூலை 7 அன்று சங்கம் அவர் பெயரை அறிவித்தது.

இதில் இரண்டு முடிவுகள் பின்னிக் கிடக்கின்றன. யாரைக் கூப்பிடுவது என்பது சங்கத்தின் முடிவு. கூப்பிட்டால் போவதா என்பது ஹாங்கின் முடிவு. கொரியாவில் எழுந்த சண்டையில் இரண்டும் ஒன்றாகக் கலந்து, கடைசியில் மனிதர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியாகிவிட்டது. எனக்கு அது உருப்படியான கேள்வியாகப் படவில்லை. அன்றைக்கு என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றும் எதைத் தரும், எதைப் பறிக்கும் என்றுதான் எடைபோட வேண்டும். அன்று தெரிந்தது வேறு, பிறகு தெரியவந்தது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் நியாயம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாங்தான் வேண்டும் என்றால் டிசம்பர் வரை காத்திருந்திருக்க வேண்டும். ஜூலையிலேயே ஆள் வேண்டும் என்றால் உருகுவேக்காரரான பயிற்சியாளர் குஸ் போயெட்டை எடுத்திருக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஹாங்கின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஏறிச் செல்லும் தடுப்பாளர்

1969-இல் சியோலில் பிறந்தவர் ஹாங். 1992-இல் போஹாங் அணியில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே அணி லீக்கை வென்றது, ஆண்டின் சிறந்த வீரர் விருதும் இவருக்கே வந்தது. புதுமுகம், அதுவும் பின்களத்துக்காரர் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் ஆடிய இடத்துக்கு லிபரோ என்று பெயர். தடுப்பு வரிசைக்கும் பின்னால் நின்று, தப்பி வரும் பந்துகளை அடைத்து நிறுத்துவது அதில் பாதி வேலை. தருணம் பார்த்துப் பந்தோடு மேலே ஏறிச் செல்வது மீதிப் பாதி. ஆனால் ஏறினால் பின்னால் இடம் காலியாகும். அதை அடைக்க ஒருவர் இருக்கிறாரா என்று ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். லிபரோவின் திறமை முழுக்க அந்த ஒரு பார்வையில்தான் இருக்கிறது.

ஹாங்குக்கு அந்தப் பார்வை இருந்தது. 1994 உலகக் கோப்பையில் ஸ்பெயினிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது 85-ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. 3-0 என்று முன்னிலையில் இருந்த ஜெர்மனியைக் கொரியா 3-2 வரை துரத்தியபோது இரண்டாவது கோல் இவருடையது. ஒரே உலகக் கோப்பையில் இரண்டு கோல், அடித்தவர் பின்களத்தில் கடைசி ஆள்!

2002 ஜூன் 22, குவாங்ஜு. இந்திய நேரப்படி நண்பகலில் தொடங்கிய காலிறுதி. ஸ்பெயினுடன் 0-0, பெனால்டியில் ஐந்தாவது உதை கேப்டன் ஹாங்குடையது. பந்து வலைக்குள் போனதும் கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். எப்போதும் இறுகிய முகத்தோடு ஆடுகிறவர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். கொரியர்கள் இன்றும் மறக்காத சிரிப்பு அது, நானும் மறக்கவில்லை. போட்டியின் மூன்றாவது சிறந்த வீரருக்கான வெண்கலப் பந்தும் அவருக்குக் கிடைத்தது. ஆசியாவில் எவருக்கும் அதற்கு முன் அது கிடைத்ததில்லை. ஜப்பானில் காஷிவா அணிக்குக் கேப்டனாக இருந்தது, கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸியில் இரண்டு ஆண்டு ஆடியது என்று இன்னும் எவ்வளவோ உண்டு. நான்கு உலகக் கோப்பைகள், தேசிய அணிக்கு 136 ஆட்டங்கள் என்று சொன்னால் ஆளின் உயரம் புரியும். பின்னாளில் அவர் மேல் விழுந்த கோபம் அவ்வளவு கனமாக இருந்ததற்கும் இந்த உயரம்தான் காரணம்.

ஆண்டுகள் கிடைத்தபோதும் கிடைக்காதபோதும்

பயிற்சியாளர் ஹாங்கை எடைபோட எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான்: அந்த அணியோடு அவருக்கு எவ்வளவு காலம் கிடைத்தது என்பது.

2009-இல் எகிப்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு அவர் அழைத்துச் சென்ற பையன்கள் காலிறுதி வரை போனார்கள். கூ ஜா-சோல், கிம் போ-க்யுங், கிம் யங்-க்வோன் எல்லாம் அந்தக் கூட்டம்தான். அடுத்த ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், காலிறுதியில் பிரிட்டனை அவர்கள் மண்ணிலேயே பெனால்டியில் வீழ்த்தினார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கார்டிஃபில் ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். கொரியக் கால்பந்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. வீரர்களுக்கு ராணுவச் சேவையிலிருந்து விலக்கும் கிடைத்தது. அந்த வயதில் ஐரோப்பாவில் ஆடும் ஒருவருக்கு அது வாழ்க்கையையே மாற்றிவிடும் பரிசு. ஒரே கூட்டத்தோடு மூன்று ஆண்டுக்கு மேல் இருந்ததன் பலன்.

அடுத்தது 2013 ஜூன். ரஷ்யாவின் அன்ஜி அணியில் குஸ் ஹிடிங்குக்கு உதவியாளராகப் போய்க் கற்றுக்கொண்டிருந்தவரைச் சங்கம் கூப்பிட்டது. உலகக் கோப்பைக்கு ஓராண்டுதான் மீதி. இங்கேயும் அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன: இன்னும் சில ஆண்டு கிளப் வேலையைக் கற்பது, அல்லது போவது. போனார். கிளப்பில் ஆடாதவரை எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தவர், இங்கிலாந்தில் ஆட வாய்ப்பே கிடைக்காமல் இருந்த பார்க் சு-யங்கை பிரேசிலுக்கு அழைத்துச் சென்றார். லண்டனில் தனக்கு உழைத்தவருக்கு நன்றிக்கடன் செலுத்துகிறார் என்று ஊரே பேசியது. ரஷ்யாவுடன் 1-1, அல்ஜீரியாவிடம் 2-4, பத்துப் பேரோடு ஆடிய பெல்ஜியத்திடம் 0-1. அல்ஜீரியாவுக்கு எதிராக இடைவேளைக்கு முன்பே மூன்று கோல் வாங்கிய தடுப்பு வரிசையில், அவரே வளர்த்த கிம் யங்-க்வோன் இருந்தார். இஞ்சான் விமான நிலையத்தில் இறங்கியபோது அணியை நோக்கி ‘யெட்’ என்ற பாகு மிட்டாயை வீசினார்கள். கொரியாவில் அதை ஒருவர் முன் எறிவது வாயால் திட்டுவதற்குச் சமம். ஜூலை 10 அன்று ஹாங் விலகினார்.

வீரர்களை முன்பே தெரிந்தவர்தானே, காலம் குறைவு என்பது சாக்கு ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் தெரிந்துவைத்திருந்தது 2012-இல் இருந்த வீரர்களை. காலம் குறையும்போது அவர் பழகிய முகங்களின் பக்கம் சாய்கிறார் என்பதே பிரேசில் காட்டியது.

சீனாவின் ஹாங்சோ அணியை 2016-இல் ஏற்றார். அந்த ஆண்டே அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பிறகு மூன்று ஆண்டு சங்கத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். 2020 டிசம்பரில் உல்சான் கூப்பிட்டது. அந்த அணி அப்போது தொடர்ந்து இரண்டு ஆண்டு போட்டி கிளப்பான ஜோன்புக்கிடம் பட்டத்தைக் கோட்டைவிட்டிருந்தது. ஹாங்கின் முதல் ஆண்டும் அப்படியே, இரண்டாம் இடம். இரண்டாம் ஆண்டு, 2022-இல், 17 ஆண்டுக்குப் பின் பட்டம். 2023-இல் மறுபடியும் பட்டம். அடுத்தடுத்து இரண்டு என்பது அந்த கிளப்பின் வரலாற்றில் இல்லாதது. 2023-இன் சிறந்த வீரர் யார் தெரியுமா? கிம் யங்-க்வோன். எகிப்துக்குப் போன அதே பையன், 33 வயதில்.

காலம் கிடைத்த இடங்களில் ஹாங் ஜெயித்திருக்கிறார். அவசரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்த இடங்களில் தடுமாறியிருக்கிறார்.

சங்கத்தின் முன் இருந்தவர்கள்

2024 பிப்ரவரியில் ஆசியக் கோப்பை அரையிறுதியில் ஜோர்டானிடம் 0-2 என்று தோற்றதும் தேசிய அணியின் பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மானை அனுப்பிவிட்டார்கள். அந்த அரையிறுதிக்கு முந்தைய இரவு, டேபிள் டென்னிஸ் விளையாடப் போவது தொடர்பாக கேப்டன் சோன் ஹியூங்-மினுக்கும் இளம் வீரர் லீ காங்-இன்னுக்கும் கைகலப்பு வரை போனது வெளியே வந்து நாடே கொதித்தது. அணியைக் கட்டுக்குள் வைக்க ஒரு கடுமையான ஆள் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. கிளின்ஸ்மான் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே இருந்துவிட்டார் என்ற கசப்பு, வெளிநாட்டவர் என்றாலே ஒரு தயக்கத்தையும் விட்டுச்சென்றது. இரண்டும் புரிந்துகொள்ளக்கூடிய உணர்வுகள்தாம். முந்தைய ஆள் செய்த தவறுக்கு நேரெதிரான ஆளைத் தேடிப் பிடிப்பது மட்டும் ஒரு அணிக்குப் போதாது.

இருந்ததிலேயே நல்ல வாய்ப்பு அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஸ்ஸி மார்ஷ். வசந்த காலத்தில் அவரோடு பேச்சு நன்றாகவே நகர்ந்தது, பிறகு முறிந்தது. மே 13 அன்று கனடா அவரை எடுத்துக்கொண்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கோபா அமெரிக்காவில் கனடா அரையிறுதிக்குப் போய்விட்டது. வெனிசுவேலாவை அவர்கள் டெக்சாஸில் பெனால்டியில் வென்றது அதே ஜூலை 5 அன்று. செப்டம்பர் ஆட்டங்களுக்குள் ஒரு வெளிநாட்டவரால் அணியைப் புரிந்துகொள்ள முடியாது என்று சங்கம் காரணம் சொல்லப்போகும் அந்த வாரத்திலேயே, அதற்கு மறுப்பு டெக்சாஸில் நடந்துகொண்டிருந்தது. இது பின்னால் தெரியவந்த விஷயம் அல்ல, அன்றே எல்லாருக்கும் தெரியும்.

மார்ஷ் போன பிறகு கடைசியில் நின்றவர்களில் இருவர் வெளிநாட்டவர்கள். லீ லிம்-சேங் ஐரோப்பாவுக்கே போய் அவர்களைச் சந்தித்தார். டேவிட் வாக்னர், ஹடர்ஸ்ஃபீல்டை 2017-இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர்; நார்விச்சிலிருந்து மே மாதம்தான் விடுவிக்கப்பட்டிருந்தார். அவருடைய ஆட்டம் நாள்தோறும் ஓடவைத்துப் பழக்கவேண்டிய அழுத்த ஆட்டம். மாதத்தில் சில நாள் மட்டும் வீரர்கள் கையில் கிடைக்கும் தேசிய அணிக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். இவரை விட்டதில் எனக்கு வருத்தமில்லை.

போயெட் வேறு. சண்டர்லாண்டை 2014-இல் லீக் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவர். ஷாங்காய் ஷென்ஹுவாவில் இருந்ததால் கிழக்காசிய லீக் ஒன்றின் வாசனை தெரிந்தவர். கிரீஸ் தேசிய அணியை இரண்டு ஆண்டு நடத்தி, யூரோ 2024 வாசலில் ஜார்ஜியாவிடம் பெனால்டியில் தோற்றவர். இங்கிலாந்தின் பிரைட்டனை விட்ட பிறகு ஒரு கிளப்பிலும் நீண்ட காலம் தங்கியதில்லை என்பது அவர் மீதான நியாயமான குறை. ஆனால் தேசிய அணி வேலையை அப்போதுதான் செய்து முடித்தவர், வேலையில்லாமல் இருந்தவர், யாருடைய அணியையும் நடுவழியில் விட்டுவிட்டு வரவேண்டிய அவசியம் இல்லாதவர். இந்தக் கடைசிக் காரணம் சங்கத்தின் கணக்கில் ஏறவே இல்லை.

மூன்றாவது வழி, இடைக்காலப் பயிற்சியாளரைத் தொடர்வது. இதற்கு ஒரு கெட்ட உதாரணமும் ஒரு நல்ல உதாரணமும் அந்த ஆண்டே இருந்தன. மார்ச்சில், 23 வயதுக்குட்பட்டோர் அணியைக் கவனித்துக்கொண்டிருந்த ஹ்வாங் சுன்-ஹோங் மேல் தேசிய அணியையும் ஏற்றினார்கள். தாய்லாந்துடன் ஒரு டிரா, ஒரு வெற்றி. ஏப்ரலில் அவருடைய இளையோர் அணி இந்தோனேசியாவிடம் பெனால்டியில் தோற்று, 40 ஆண்டில் முதல்முறையாகக் கொரியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி இழந்தது. ஜூனில் வந்த கிம் டோ-ஹூனுக்கு வேறு அணி எதுவும் இல்லை. சிங்கப்பூரை 7-0, சீனாவை 1-0. ஒருவர் தோளில் இரட்டைச் சுமை ஏற்றினால் எது உடையும் என்று ஹ்வாங் காட்டினார். ஒற்றைச் சுமையானால் தாங்கலாம் என்று கிம் காட்டினார்.

சங்கம் இவற்றை விட்டு ஹாங்கைத் தேர்ந்தெடுத்தது. மறுநாள் லீ லிம்-சேங் காரணங்களை அடுக்கினார்: ஒரே அணியாக்கும் தலைமை, இரண்டு லீக் பட்டம், உள்ளூர் வீரர்களை அறிந்தவர், வெளிநாட்டவருக்குப் போதிய நேரமில்லை. முதல் மூன்றும் உண்மை. நான்காவது எனக்கு ஏற்கவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எதிரில் நின்றவை ஈராக், ஜோர்டான், ஓமன், பாலஸ்தீனம், குவைத். 2026 உலகக் கோப்பை 48 அணிகளுக்கானது. பிரிவில் முதல் இரண்டு இடத்துக்கு நேரடி நுழைவு. சோன், கிம் மின்-ஜே, லீ காங்-இன் இருக்கும் ஓர் அணி அதற்கு நாலு மாதம் பொறுத்திருக்கலாம். ஆசியக் கோப்பையில் மலேசியாவுடன் 3-3, தாய்லாந்துடன் சொந்த ஊரில் 1-1 என்று அந்த ஆண்டு பார்த்த பயம் பொய்யல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தேர்வுக் குழுவில் இருந்த முன்னாள் வீரர் பார்க் ஜூ-ஹோ, குழுவுக்கே இந்த முடிவு தெரியாது என்று வெளியில் சொன்னார். 2002-இல் ஹாங்கோடு ஆடிய பார்க் ஜி-சுங்கும் லீ யங்-பியோவும் சங்கத்தைக் கண்டித்தார்கள். அக்டோபரில் விளையாட்டு அமைச்சகத்தின் தணிக்கை, வெளிநாட்டவர்களுக்கு நடந்த நேர்காணலுக்கும் ஹாங்கிடம் இரவில் நடந்த பேச்சுக்கும் இருந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, லீ லிம்-சேங்குக்கு அந்த அதிகாரமே இல்லை என்றது. இதில் எனக்கு ஹாங்கை நினைத்துத்தான் வருத்தம். முறையான நேர்காணலில் உட்கார்ந்திருந்தால் அவர் ஜெயித்தேயிருக்கலாம். அந்த வாய்ப்பை அவருக்குத் தராமலே பதவியைத் தந்துவிட்டார்கள்.

போவதா, இருப்பதா

இனி ஹாங்கின் பக்கம். அவருக்கு அப்போது 55 வயது. உல்சானில் இருந்தால் மூன்றாவது தொடர் பட்டத்துக்கு வழி திறந்தே இருந்தது. அணி முன்வரிசையில் இருந்தது, வீரர்கள் அவர் கைவளர்ப்பு, ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். போனால், 2014-இன் காயத்தைத் துடைக்க ஒரே வாய்ப்பு. இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. தேசிய அணிச் சட்டையில் 136 முறை இறங்கிய ஒருவருக்கு இது வெறும் பதவி ஆசை என்று நான் நம்பவில்லை. ஜூலை 10 அன்று, தன்னையே கைவிட்டுவிட்டதாகவும் இனி தனக்குள் கொரியக் கால்பந்து மட்டுமே இருப்பதாகவும் அவர் சொன்னபோது மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே நாள் உல்சானின் முன்சு மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் மனிதர்கள்தானே. கவலைப்பட வேண்டாம் என்ற சொல்லை நம்பி வந்தவர்கள். குவாங்ஜுவிடம் 0-1 என்று தோற்ற அந்தக் கடைசி ஆட்டத்தில் அவரைக் கூச்சலிட்டு அனுப்பினார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோவோடு அவர் பெயரைச் சேர்த்துக் கட்டினார்கள். ஏறிச் செல்லும்போது பின்னால் யார் இருக்கிறார் என்று பார்க்கும் அந்த ஒரு கண் பார்வை, அன்று அவரிடம் இல்லாமல் போனது.

காலியான இடத்தை அடைத்தவர் கிம் பான்-கோன். இவரும் பின்களத்தில் ஆடிப் பயிற்சியாளரானவர்தான். மலேசியாவுக்கு அந்த 3-3 டிராவை வாங்கித்தந்தவர். அதைவிட முக்கியம், 2018-இல் சங்கத்தின் தேர்வுக் குழுத் தலைவராக இருந்து, பலரை நேர்காணல் செய்து பாலோ பென்டோவைத் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக அழைத்துவந்தவர் இவர். பென்டோவுக்கு நான்கு ஆண்டு கிடைத்தது. கத்தாரில் போர்ச்சுகலை வென்று கடைசி 16-க்குப் போனார்கள். அப்போது அதே சங்கத்தின் நிர்வாகி யார்? ஹாங். சரியான முறை எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 5, சியோல்: பாலஸ்தீனத்துடன் 0-0. சொந்த மைதானமே கூச்சலிட்டது. ஆட்டம் முடிந்ததும் கிம் மின்-ஜே ரசிகர்களிடமே போய், கொஞ்சம் ஆதரவு தாருங்கள் என்று கேட்க வேண்டிவந்தது. ஆனாலும் பத்துத் தகுதி ஆட்டங்களில் ஆறு வெற்றி, நான்கு டிரா, ஒரு தோல்விகூட இல்லை. 2025 ஜூன் 5 அன்று பாஸ்ராவில் ஈராக்கை 2-0 என்று வென்று தொடர்ந்து 11-ஆவது முறையாக உலகக் கோப்பைக்கு நுழைந்தார்கள். ஹாங் வேலையைச் செய்துமுடித்தார்; அதை மறைத்துப் பேசுவது அநியாயம்.

வேண்டாம் என்று விடப்பட்ட போயெட்? 2024 டிசம்பரில் ஜோன்புக் அவரை எடுத்தது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் ஆபத்திலிருந்து அப்போதுதான் தப்பியிருந்த அணி அது. 2025-இல் லீக்கையும் கொரியக் கோப்பையையும் சேர்த்து வென்றது. கொரியாவைப் புரிந்துகொள்ள வெளிநாட்டவருக்கு நேரம் போதாது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதிலை யாரால் தர முடியும்? கிளப் வேறு, தேசிய அணி வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதரைத் தவறாக எடைபோட்டார்கள் என்பதில் இனிச் சந்தேகமில்லை. உல்சான் 2024-இல் கிம் பான்-கோனோடு பட்டத்தைத் தக்கவைத்தது. 2025-இல் அவரையும் அவருக்குப் பின் வந்தவரையும் அனுப்பிவிட்டு அட்டவணையின் கீழ்ப் பாதிக்குச் சரிந்தது.

ஆகவே டிசம்பர். நான் அந்த மேசையில் இருந்திருந்தால், செப்டம்பர் முதல் நவம்பர் வரையான ஆறு ஆட்டங்களைக் கிம் டோ-ஹூனிடம் கொடுத்திருப்பேன். ஹாங்கை முறையாக நேர்காணலுக்கு அழைத்து, லீக் முடிந்ததும் வாருங்கள் என்று வெளிப்படையாக அறிவித்திருப்பேன். உல்சான் மூன்றாவது பட்டத்தை உறுதி செய்தது நவம்பர் 1. தேசிய அணியின் அந்த ஆண்டின் கடைசி ஆட்டம் நவம்பர் 19. அடுத்த தகுதி ஆட்டம் 2025 மார்ச் 20, ஓமனுடன். நடுவில் முழுதாக நான்கு மாதம்: ஐரோப்பாவில் ஆடுகிறவர்களைப் போய்ப் பார்க்க, உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்க, யார் இப்போது நன்றாக ஆடுகிறார் என்று புதிதாக எழுத. ஹாங் எங்கெல்லாம் ஜெயித்தாரோ அங்கெல்லாம் அவருக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட காலம்தான். ஜூலையிலேயே வந்ததால் அந்த மார்ச்சில் அணி அதிகமாகத் தேறிவிட்டதா என்றால், கோயாங்கில் ஓமனுடன் 1-1, ஐந்து நாள் கழித்து சுவோனில் ஜோர்டானுடன் 1-1.